மேலே பச்சை, உள்ளே பொக்கு: நிலக்கடலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்பார்கள், மற்ற ஊர்களில் கடலை. எந்த ஊரானாலும் பலரும் செய்யும் பிழை ஒன்றுதான். மண்ணுக்குள் காய்க்கிற பயிருக்கு, மேலே தெரியும் இலையைப் பார்த்தே வைத்தியம் செய்கிறோம். காடு கருகருவென்று நிற்கும். பிடுங்கினால் செடிக்கு நாலு காய், அதிலும் ரெண்டு பருப்பில்லாத பொக்கு.

பொக்கு விழுவதற்குப் பெரும்பாலும் கால்சியம் பற்றாக்குறைதான் காரணம். வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு இலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அங்கிருந்து கீழே இறங்கிக் காய்க்கு வராது. காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தன் ஓடு வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கால்சியம் உள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் இட்டு, செடியின் தூரில் மண் அணைக்கச் சொல்கிறார்கள். காய் பிடிப்பது தூரைச் சுற்றித்தான், ஜிப்சமும் அங்கேதான் விழ வேண்டும். கைபோன போக்கில் காடு முழுக்க வீசினால் பாதி வீண். மண் காய்ந்து கிடக்கும்போது இட்டாலும் கரையாது, ஈரம் பார்த்து இடுங்கள்.

மண் அணைத்தது அணைத்ததுதான். அதற்குப் பிறகு களைக்கொத்தைக் காட்டுக்குள் இறக்கக் கூடாது. பூ கருவுற்றதும் அதிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் போகும், அதன் நுனிதான் காயாகும். ஐம்பதாம் நாளுக்கு மேல் கொத்தினால் களையோடு அடுத்த மாதத்துக் காயையும் சேர்த்து வெட்டுகிறோம். ஆள் கிடைக்காமல் களையெடுப்பு தள்ளிப்போவது எல்லா ஊரிலும் உள்ள கதைதான். தள்ளிப்போய்விட்டால் கையால் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது யூரியா ஆசை. இலை கொஞ்சம் வெளுத்தால் உடனே ஒரு மூட்டை. கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கை வேர்முடிச்சிலேயே தயாரித்துக்கொள்ளும். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் யூரியா கொட்டினால் முடிச்சு சோம்பிவிடும், கொடி மட்டும் கொழுக்கும்.

விதையில் மிச்சம் பிடிக்க நினைப்பதும் கையைச் சுடும். தோல் உரிந்த, பிளந்த பருப்பு முளைக்காது, முளைத்தாலும் அழுகும். விதைக்குமுன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தால் வேரழுகலைப் பெருமளவு தடுக்கலாம். வரிசைக்கு 30 சென்டிமீட்டர், செடிக்கு 10 சென்டிமீட்டர் என்ற இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றதில் ‘தேடி’ என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆடி பிறந்ததும் ஒரு தூறலை நம்பி விதைத்தால், மேல்மண் ஈரத்தில் முளைவிட்டு அடியில் ஈரமில்லாமல் கருகும். நல்ல உழவு மழை இறங்கட்டும்.

அறுவடையில் நாள்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். காட்டில் அங்கங்கே சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். முக்கால்வாசிக் காயின் ஓட்டு உட்புறம் கறுத்திருந்தால் பிடுங்கலாம். படராமல் கொத்தாக நிற்கும் கொத்து ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம், அதாவது முற்றியதும் முளைக்காமல் சில காலம் அடங்கிக் கிடக்கும் குணம், கிடையாது. முற்றிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

பிடுங்கியதைக் குவித்து வைப்பது கடைசித் தவறு. ஈரக் குவியலில் பூஞ்சை ஏறினால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. செடியைக் கவிழ்த்து, காய் வெயிலைப் பார்க்கும்படி போடுங்கள். மூட்டை கட்டுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பருப்பு கலகலக்கவில்லையென்றால் இன்னொரு நாள் வெயில் காட்ட வேண்டும்.