கராஜ் கதவின் இரைச்சலை அடக்கிய விதம்

டொராண்டோ பக்கத்து வீடுகள் பலவற்றில் கராஜுக்கு நேர் மேலே படுக்கையறை இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். இரவுப் பணி முடிந்து மனைவி காரை உள்ளே விடும்போதெல்லாம், கதவைத் தூக்கும் சங்கிலி மோட்டாரின் அதிர்வு உத்தரம் வழியாக ஏறிக் குழந்தையை எழுப்பிவிடும்.

மாற்றாக, ரப்பர் பெல்ட்டில் இயங்கும் டிசி (நேர்மின்னோட்ட) மோட்டாரைத் தேர்ந்தெடுத்தேன். மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பதால் கதவு குலுங்குவதில்லை. ஆனால் மோட்டார் மட்டும் போதாது. சத்தத்தில் கதவுக்கும் பெரும்பங்கு உண்டு. மூடிய நிலையில் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரின் பிடியிலிருந்து விடுவித்து, கதவைக் கையால் பாதி உயரம் தூக்கிப் பார்த்தேன். அசையாமல் நின்றது; கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது என்று பொருள். சரிந்து இறங்கினால் தொழில்நுட்பரை அழையுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் எலும்பை முறித்துவிடும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

கதவு ஓடும் தேய்ந்த இரும்பு உருளைகளுக்குப் பதில் நைலான் உருளைகள் போட்டேன். அடிமூலை உருளைகளை மட்டும் தொழில்நுட்பரிடம் விட்டேன். ஸ்பிரிங்கின் கம்பிவடம் அங்கேதான் இழுவிசையோடு பிணைந்திருக்கிறது. மோட்டாரைத் தாங்கும் பட்டைகளுக்கும் உத்தரத்துக்கும் இடையே ரப்பர் துண்டுகள் வைத்தேன். பெரிய மாற்றம் தந்தது இந்த மலிவான ரப்பர்தான் என்பேன்.

கடைசியாக, குறுக்கே எதுவும் வந்தால் உணர்ந்து கதவைத் திருப்பும் சென்சார்களைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குள் பொருத்தி, கதவு இறங்கும்போது குறுக்கே அட்டைப்பெட்டியை நீட்டினேன்; உடனே மேலேறிவிட்டது.