சுமாத்திராவில் யாரிடம் அனுமதி கேட்பது? பத்தாக், மினாங்கபாவு நாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவில், மேடானில் இறங்கி, தோபா ஏரியைப் பார்த்து, தெற்கே புக்கிட்டிங்கி வரை போய்ப் படமெடுத்து எழுதுகிறவர்களுக்கு உள்ளூர் ஏற்பாடுகள் செய்துகொடுப்பது என் வேலை. எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் புதியவர்களும் இடறுகிறார்கள். மழைக்கோட்டு, கொசுவலை பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்வார்கள்.

பத்தாக் என்றால் ஒரே மக்கள் என்று எண்ணுவது

தோபா, காரோ, சிமலுங்குன், பக்பக், அங்கோலா, மண்டைலிங் என்று ஆறு பிரிவுகளைச் சேர்த்துத்தான் பத்தாக் என்கிறார்கள். தோபா மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். மண்டைலிங் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களில் பலர் பத்தாக் என்ற பெயரையே ஏற்பதில்லை. தோபா ஏரியின் நடுவிலுள்ள சமோசிர் தீவில் சாப்பிட்ட பன்றியிறைச்சியைப் பற்றி ‘பத்தாக் உணவு’ என்று கட்டுரை எழுதி, அதை ஒரு மண்டைலிங் ஆசிரியரிடமே காட்டியவரைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த ஊரில் யாரும் எங்களிடம் மனம்விட்டுப் பேசவில்லை.

முற்றத்தில் நிற்கும் ஆணிடம் வீட்டைக் கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பணம், நாள், நல்லுறவு மூன்றும் சேர்ந்து போகும்.

புக்கிட்டிங்கிப் பக்கத்து மினாங்கபாவு சமூகம் தாய்வழிச் சமூகம் என்பதை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் கூரை முனைகள் வளைந்தெழும் ரூமா காடாங் வீட்டின் முன் வந்து நின்றதும் கண் தானாக ஓர் ஆணைத் தேடுகிறது. தானா டாத்தார் வட்டாரத்தில் ஓர் ஆவணப்படக் குழு, முற்றத்தில் புகைபிடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேசியது. அவர் சிரித்தார், தலையசைத்தார், காப்பி கொடுத்தார். வாடகையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு விளக்குகளை உள்ளே ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண்ணின் தாய்மாமன் வந்து சேர்ந்தார். படப்பிடிப்பு நின்றது.

அந்தப் பெரியவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. அங்கே உராங் சுமாண்டோ என்பார்கள். மனைவியின் வீட்டில் அவர் மதிப்புக்குரிய விருந்தாளி. வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. மரத்தின் அடிக்கட்டைமேல் கிடக்கும் சாம்பல் என்று சுமாண்டோவை அவர்களுடைய பழமொழியே சொல்கிறது. வந்தவர்களை முகம் கோணாமல் உபசரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது குழுவின் பிழை. அதே மனிதர் தம் அக்காவின் வீட்டில் மாமாக், அதாவது தாய்மாமன். அங்கே மருமக்களின் கல்யாணமும் நிலமும் அவரைக் கேட்டே நடக்கும். ஆகவே ‘இங்கே ஆண்களுக்கு மதிப்பில்லை’ என்று எழுதுகிறவர்களும் இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளவில்லை.

வீடும் அதைச் சார்ந்த வயல்களும் பூசாக்கோ திங்கி எனப்படும் குலச்சொத்து. பெண்கள் வழியாகவே அது இறங்கும். மாமாக் அதை நிர்வகிப்பார். தனியொருவர் விற்க முடியாது. அடகு வைக்கக்கூட மரபு நான்கு காரணங்களைத்தான் ஒப்புக்கொள்கிறது: வீட்டில் கிடத்திய பிணத்தை அடக்கம் செய்ய, வயது வந்த பெண்ணுக்கு மணம் முடிக்க, ஒழுகும் ரூமா காடாங்கைச் சீர்செய்ய, விட்டுப்போன குலத்தலைவர் பட்டத்தை மறுபடி நிலைநாட்ட. இத்தனை கட்டுக்காவல் உள்ள சொத்தை ஒரு தலையசைப்பை நம்பி வாடகைக்கு எடுத்தால் எப்படி?

வெளியூர் போய்ப் பிழைப்பது மினாங்கபாவு ஆண்களின் நெடுநாள் வழக்கம். அதனால் ஜகார்த்தாவில் இருந்த சகோதரர்களையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. கூடிப் பேசி எல்லோரும் இசையும் வரை அறை வாடகையும் வண்டி வாடகையும் ஏறிக்கொண்டே போயின. அனுமதி கிடைத்தது, ஆனால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் மனைவி வீட்டில் தலைநிமிர்ந்து இருந்திருக்க முடியாது.

முதலில் வீட்டின் மூத்த பெண்மணியிடம் போங்கள். இந்த வீட்டின் மாமாக் யார், அவரை எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள். அவர் வந்து பேசி முடிக்கும் வரை கேமராப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

எச்சரிக்கை நிலையைக் கேட்காமல் மராப்பி எரிமலையில் ஏறுவது

2023 டிசம்பரில் அது வெடித்தபோது மலையேறிகள் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஏறாதீர்கள்.

தோபாவில் ஏரியை மட்டும் பார்ப்பது

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் குழிதான் இந்த ஏரி. நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காட்சி மயக்கத்தான் செய்யும். ஆனால் சமோசிரின் வயல்களுக்கு நடுவே வீடுபோல் எழும்பி நிற்கும் கல்லறைகளைக் கவனியுங்கள். மூதாதையரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து அங்கே சேர்த்து வைக்கிறார்கள். மார்கா என்னும் தந்தைவழிக் குலம் நிலத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கல்யாணத்தைப் படமெடுப்பதானால் பெண் கொடுத்தவர்கள், பங்காளிகள், பெண் எடுத்தவர்கள் என்ற மூன்று தரப்பும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெண் கொடுத்தவர்கள்தான் உலோஸ் துணியைப் போர்த்துவார்கள். அது தெரியாதவர் தவறான பக்கத்தில் நின்று முதுகுகளைப் படமெடுத்துவிட்டு வருவார்.

காரோ நாட்டில் சோழனைத் தேடுவது

தமிழரோடு தொடர்பு இல்லாமல் இல்லை. சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பேசுகிறது. காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்ற உட்பிரிவுகள் உண்டு. ஆனால் காரோவின் ஐந்து குலங்களில் செம்பிரிங் ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு பத்தாக் மக்கள் எல்லோரும் தமிழர்கள் என்று காணொளி போடுவது அவர்களுடைய வரலாற்றைப் பறிப்பதாகும். செம்பிரிங் வீட்டுக்குப் போனால் அந்தக் குலத்தின் கதையை அவர்கள் சொல்லக் கேளுங்கள். சோழர் கதையை நீங்கள் தொடங்க வேண்டாம்.