வலிக்காத கட்டியும் கட்டிதான்: மார்பகச் சுயபரிசோதனை முதல் மருத்துவமனை வரை

மார்பகப் புற்றுநோயின் தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அந்த ஒரே காரணத்தால், அதைப் பால் கட்டி என்றும் நரம்பு முடிச்சு என்றும் சொல்லிக்கொண்டு, பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், பண்டிகை போகட்டும் எனப் பல மாதங்கள் தள்ளிப்போடும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

படி 1: அபாயத்தை அறிதல்

வயது கூடக் கூட அபாயமும் கூடுகிறது. தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு, குறிப்பாக இளம் வயதில், மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆனாலும் இந்நோய் வந்த நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் அது மரபணு வழியாக வருகிறது. எனவே "எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை" என்று நிம்மதியடைய இடமில்லை.

படி 2: கண்ணாடி முன்

மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், மார்பகம் இளகியிருக்கும்போது பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதேனும் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் உயர்த்தியும், இடுப்பில் அழுத்தியும் பாருங்கள். தோலில் குழிவு, ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பில் ஆறாத புண், தானாகக் கசியும் இரத்தம் அல்லது நீர் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இரு மார்பகங்களின் அளவில் சிறு வேறுபாடு இருப்பது இயல்பே. முன்பு இல்லாத மாற்றமே முக்கியம்.

படி 3: படுத்த நிலையில்

வலது மார்பகத்தைப் பார்க்க, வலது தோளுக்கடியில் சிறு தலையணை வைத்து, வலது கையைத் தலைக்குக் கீழே மடித்துக்கொள்ளுங்கள். இடது கையின் நடு மூன்று விரல்களின் உட்பகுதியால், விரல் நுனியால் அல்ல, சிறு வட்டங்களாகத் தடவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் முதலில் மெதுவாகவும், பிறகு சற்று அழுத்தியும், இறுதியில் விலா எலும்பு தட்டுப்படும் வரையிலும் அழுத்த வேண்டும். காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பு வரை மேலும் கீழுமாக நகர்ந்து, அக்குளையும் பார்த்த பிறகே மறுபக்கம் செல்லுங்கள். அக்குளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

படி 4: மருத்துவரிடம் செல்லுதல்

என் பார்வையில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது. சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,000-க்கும் மேற்பட்ட நெசவாலைப் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் இறப்புகள் குறையவில்லை என்று 2002இல் காட்டியது. மும்பையிலோ, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆகவே உங்கள் கைக்கு எதுவும் தட்டுப்படாவிட்டாலும், 30 வயது கடந்தவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் ஏதேனும் தென்பட்டால் அந்த வாரமே செல்லுங்கள். மருத்துவர் கையால் பார்ப்பார்; வயதைப் பொறுத்து மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ எடுக்கச் சொல்வார்; தேவைப்பட்டால் ஊசி மூலம் திசு எடுக்கும் பயாப்சி செய்வார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இந்த இடத்தில் பின்வாங்கிவிடாதீர்கள்; கட்டியின் தன்மையை உறுதியாகச் சொல்வது அந்தப் பரிசோதனைதான். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்று தெரியவருவதும் அதனால்தான்.

படி 5: அபாயத்தைக் குறைத்தல்

முழுமையாகத் தடுக்கும் வழி எதுவும் இல்லை. குழந்தைக்குத் தாய்ப்பால் தருவதும், நாள்தோறும் உடலுழைப்பும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும், மதுவைத் தவிர்ப்பதும் அபாயத்தைக் குறைக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்படும் கட்டி, இரண்டு வாரங்களில் கரையாவிட்டால், அதையும் பாலடைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.