புதுக் கைத்தறிப் புடவையின் முதல் நனைப்பும் கஞ்சியும்

வடசென்னை எம்.சி. ரோட்டில் வாங்கிய புதுக் கைத்தறிப் பருத்திப் புடவையை மற்றத் துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தக் கடைவீதி அமைந்த வண்ணாரப்பேட்டையின் பெயரே, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களால் வந்தது. சற்று வடக்கே, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம், அவர் பெயர் மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. நெய்பவருக்கு ஒரு பேட்டை, வெளுப்பவருக்கு ஒரு பேட்டை என்றிருந்த பகுதியில் குடியிருந்துகொண்டு, ஒரு புடவையை நனைக்கத் தெரியாமலிருப்பது சற்று வெட்கத்துக்குரியதுதான்.

முதலில் சாயம் பார்க்க வேண்டும். உடல், கரை, முந்தானை ஆகிய மூன்றிலும் ஓரத்தில் சிறிது நனைத்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்துக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தி எடுங்கள். கறை லேசாக ஒட்டினால், அது பெரும்பாலும் நூலில் பிடிக்காமல் தங்கிய மிகைச் சாயமே. எங்கள் வீட்டில் இதைப் பார்க்காமல் நனைத்த ஒரு மஞ்சள் புடவை, அதன் அரக்குக் கரையின் புண்ணியத்தால் இன்றுவரை பாதி ஆரஞ்சாகவே இருக்கிறது.

கல்லுப்பு போட்டால் சாயம் நிலைக்கும் என்பது நம் நம்பிக்கை. உப்பு அந்த ஒரு நனைப்பில் சாயம் கரைவதைக் குறைக்கலாமே தவிர, சரியாக ஏற்றாத சாயத்தை நூலோடு பிணைக்காது. ஆகவே புடவையைத் தனியாக, குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் மட்டும் அலசி, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. ஊறவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல தெருக்களில் உப்பாக இருப்பதால், கடைசி அலசலுக்காவது குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரை எடுத்து வையுங்கள்.

கஞ்சிக்கு, சோறு வடித்த கெட்டிக் கஞ்சி ஒரு பெரிய டம்ளர் போதும். அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டியே அரை பக்கெட் நீரில் கலக்க வேண்டும், இல்லையேல் காய்ந்தபின் கருநீலப் புடவையில் வெள்ளைத் திட்டுகள் பூசணம் பூத்ததுபோல் தெரியும். புடவை முழுவதும் ஒரே சமயத்தில் முங்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கி நீரை வடியவிட்டு, இருவர் இரு முனைகளைப் பிடித்து, ஓரங்களை நேர்ப்படுத்தி உதறி இழுத்தால், பிற்பாடு இஸ்திரி வேலை பாதியாகும்.

உலர்த்துவது நிழலில். மாலைக்குள் எடுத்துவிடுங்கள், ஈரம் சுமந்து வரும் கடற்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த கஞ்சித் துணி புளித்த வாடை அடிக்கும்.

நெடுநாள் உடுத்தாமல் பெட்டியில் வைக்கும் புடவைக்குக் கஞ்சியே வேண்டாம். மாவுப் பசையைத் தேடி வரும் இராமபாணப் பூச்சி துணியையும் சேர்த்து அரித்துவிடும். அத்தகைய புடவையைக் கஞ்சி போக அலசி, நன்கு உலர்த்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பாக மடித்து வையுங்கள்.