கிடேரிக்குக் கொழுப்பு முந்தும்

கறிக்காக மாடு வளர்த்த முதல் தடவை, கிடேரி (கன்று ஈனாத இளம் பசு), காயடித்த காளை, பொலிகாளை (காயடிக்காத காளை) மூன்றையும் ஒரே பட்டியில் கட்டி, ஒரே எடைக்குக் கொழுக்க வைத்தேன். கிடேரிகளுக்குக் கொழுப்பு மிஞ்சிவிட்டது. பொலிகாளைகளோ வெறும் சதை. ஒரே எடையில் கிடேரிக்குத்தான் கொழுப்பு அதிகம், அடுத்து காயடித்தது, கடைசியில் பொலிகாளை. ஆகவே முதலில் பாலினப்படி பிரித்துக் கட்டுங்கள். கிடேரியைக் குறைந்த எடையிலேயே விற்றுவிடுங்கள்.

எடை ஏற ஏற, கூடும் ஒவ்வொரு கிலோவிலும் சதையின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடும். அதற்குத் தீவனமும் கூடுதலாகச் செலவாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். கூடவே கையால் விலாவையும் வாலடியையும் அழுத்திப் பாருங்கள் (தராசைவிட என் விரலைத்தான் நம்புவேன்). விலா எலும்பு அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது, வாலடியில் மெத்தென்று திரண்டிருக்கிறது என்றால் அந்த மாடு தயார். கறிக்குள் இழையோடும் கொழுப்பு மட்டும் கைக்குத் தெரியாது.