ஆரி பிளவுஸ்: பணம் வீணாகும் இடங்கள்

ஆடித் தள்ளுபடியில் சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிளவுஸ் துணி எடுத்து, ஆவணி முகூர்த்தத்துக்கு நேரே ஆரி (கொக்கி ஊசியால் செய்யும் நூல், மணி, கல் வேலை) போடுகிறவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் போக வேண்டியது டெய்லரிடம். கழுத்து, ஷோல்டர், ஆர்ம்ஹோல், கை எல்லாம் அவர் துணியில் வரைந்து மட்டும் தரட்டும், வெட்டக் கூடாது. வெட்டிய துண்டை ஆரி போடும் சட்டத்தில் விறைப்பாகக் கட்ட முடியாது, ஓரம் பிரிந்துவிடும்.

தையல் கோட்டிலிருந்து உள்ளே அரை சென்டிமீட்டராவது மணியில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஷின் ஊசி உடையும். ஊசி தப்பினாலும் மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் மணிமேல் ஏறித் தையல் கோணிவிடும். சட்டத்திலிருந்து கழற்றியதும் அடர்த்தியான வேலை துணியைக் கொஞ்சம் சுருக்கும். அதனால் வேலை முடிந்தபின் மறுபடி அளந்துதான் வெட்ட வேண்டும். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் விடுங்கள், அங்கே வேலை வேண்டாம். அக்குள் பக்கமும் வேண்டாம், தோலை உரசும்.

முன்கழுத்தின் இடது பக்கத்தை முந்தானை மூடிவிடும். அங்கே கல்லும் ஜர்தோசியும் (உலோகச் சுருள் கம்பி வேலை) வைப்பது வீண் செலவு. போதாததற்குப் புடவையின் பட்டிழையையும் இழுத்துவிடும். நூல் வேலையே போதும். அகலக் கழுத்தில் கனமான குஞ்சலம் கேட்டால் முதுகில் நாடாவும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஷோல்டர் நழுவிக்கொண்டே இருக்கும்.

ஆரி வேலை முடிந்து வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். ஆரி என்பது சங்கிலித் தையல், ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. கடைசிக் கண்ணியில் முடிச்சு இல்லையென்றால், நூல் நுனியை இழுத்ததும் மணிகளோடு வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வரும். மண்டபத்தில் நூல் தொங்கினால் கத்தரிக்காதீர்கள். ஊசியால் பின்பக்கம் இறக்கி முடிச்சுப் போடுங்கள்.

சென்ட்டைப் பிளவுஸ் போடுமுன் அடித்துக் காயவிடுங்கள். ஜரிகைமேல் பட்டால் கறுக்கும். அயர்ன் உள்பக்கம்தான், அடியில் கனமான துண்டு விரித்து, குறைந்த சூட்டில். சூடு கூடினால் பிளாஸ்டிக் சமிக்கி சுருண்டுவிடும். டிரை வாஷுக்குக் கொடுக்கும்போது ஒட்டிய கல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், பசை இளகக்கூடும்.

ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்று வேறு. வியர்வை போக நிழலில் உலர்த்தி, வேலை உள்பக்கம் வரும்படி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாலித்தீன் கவரும் அந்துருண்டையும் வேண்டாம். ஹேங்கரில் மாட்டவும் கூடாது, மணியின் கனத்தில் ஷோல்டர் இழுபடும்.