ஆண்டு நடுவில் ஆசிரியர் மாறாத வகுப்பு: தனியார் பள்ளி நிர்வாகத்துக்கான செய்முறை

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். நான்காம் வகுப்பு 'பி' பிரிவில் புது மிஸ் நிற்கிறார். பழைய மிஸ் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் "அவங்க இனி வர மாட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வகுப்பில் அதிகம் பேசியதற்காகப் போன மாதம் திட்டு வாங்கிய பையன், தன்னால்தான் மிஸ் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வான். அதை யாரிடமும் சொல்ல மாட்டான். யார் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள், யாருக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்பதெல்லாம் புதியவருக்குப் பிடிபட ஆறேழு வாரம் ஆகும். அதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும்.

பதினைந்து முதல் நாற்பது ஆசிரியர்கள் வரை வேலை பார்க்கும் தமிழ்நாட்டு மெட்ரிக், நர்சரி பிரைமரி பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இந்தச் செய்முறை பயன்படும். ஜனவரியில் வேலையைத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு டைம்டேபிளும் சம்பளமும் முடிவாவதற்குள் செய்ய வேண்டியவையே இதில் அதிகம்.

முதலில் ஒரு பட்டியல்

கடந்த மூன்று ஆண்டுகளில் வேலையை விட்டவர்கள் எல்லோரையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த மாதம் போனார், எத்தனை ஆண்டு இருந்தார், வாரம் எத்தனை பீரியட் எடுத்தார், எந்த வகுப்புக்கு வகுப்பாசிரியர் என்ற நான்கு விவரம் போதும். ஒரே வகுப்பையோ ஒரே பாடத்தையோ எடுத்தவர்கள் அடுத்தடுத்துப் போயிருந்தால் கோளாறு ஆளிடம் இல்லை, அந்த வேலையை அமைத்த விதத்தில் இருக்கிறது.

காரணத்தைக் கடைசி நாளில் கேட்காதீர்கள். அன்றைக்கு எல்லோரும் "சொந்தக் காரணம்" என்றே எழுதுவார்கள். பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, தாளாளர் அல்லாத ஒருவர் போனில் கேட்டால் உண்மை வரும். திருமணம், கணவருக்கு மாற்றல், அரசு வேலை போன்றவற்றைப் பள்ளியால் தடுக்க முடியாது. அவற்றைத் தனியே பிரித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

நேரத்தை எண்ணுங்கள்

இதுதான் தலையாய வேலை. ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 40 பீரியட், அதில் 32 வகுப்பு, மிச்சம் 8. ஒரு பீரியட் 40 நிமிடம் என்றால் 320 நிமிடம் கையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை 160 நோட்டுகளையும் நோட்டுக்கு 2 நிமிடம் வீதம் திருத்தினால் அதே 320 நிமிடம் தீர்ந்துவிடும். பாடக்குறிப்பு எழுதவும் தண்ணீர் குடிக்கவும் நேரம் இல்லை. அந்த எட்டில் மூன்று பீரியடுக்கு சப்ஸ்டிட்யூஷன் (வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு) போட்டால் 60 நோட்டு கட்டைப்பையில் வீட்டுக்குப் போகிறது. இப்படி ஆகஸ்ட் வரை ஓடும் ஆசிரியர், செப்டம்பரில் ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்கிறார்.

வகுப்பை 28 பீரியடாகக் குறையுங்கள். ஏழு ஆசிரியர்களிடமிருந்து நான்கு நான்காக எடுத்தால் 28, அதாவது கூடுதலாக ஒருவருக்கான முழு வேலை. ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் செலவு கட்டுப்படியாகாது என்றால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று, இரண்டாம் வகுப்பாசிரியர்களுக்கும் மட்டுமாவது குறையுங்கள். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் (2009) அட்டவணையில் ஆசிரியருக்கான 45 மணி நேர வாரம், பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது என்பதை டைம்டேபிள் போடுபவர் மனதில் வைக்க வேண்டும்.

சப்ஸ்டிட்யூஷனுக்குத் தனிப் பதிவேடு வையுங்கள், ஒருவருக்கு வாரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். பதிவேடு இல்லாத பள்ளியில் மறுத்துப் பேசத் தெரியாதவர் தலையிலேயே எல்லாம் விழும்.

திருத்தும் முறையையும் மாற்றலாம். சொல்வதெழுதுதல், கோடிட்ட இடம் போன்றவற்றைப் பிள்ளைகளே கரும்பலகையைப் பார்த்து மாற்றித் திருத்தட்டும். ஆசிரியர் வாரம் ஒரு பிரிவில் கட்டுரையை மட்டும் ஊன்றிப் படித்து ஒரு வரி எழுதட்டும். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு டிக் இருக்கிறதா என்று நிர்வாகம் நோட்டைப் புரட்டிப் பார்க்கும்வரை இந்த மாற்றம் நிலைக்காது. முதலில் அந்தப் பரிசோதனையை நிறுத்துங்கள்.

சம்பளமும் சான்றிதழும்

சம்பளத் தொகையை உடனே உயர்த்த முடியாத பள்ளிகூட, அது வரும் தேதியை உறுதியாக்க முடியும். மே மாதச் சம்பளம் கிடையாது என்றால் ஏப்ரல் கடைசியில் ஆசிரியர் வேறு பள்ளி தேடத்தான் செய்வார். ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். மே மாதத்தில் அட்மிஷனுக்காக வீடு வீடாக அனுப்புவதையும் விடுங்கள்.

அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்தால் ஆள் போக மாட்டார் என்பது தப்புக்கணக்கு. நல்ல ஆசிரியர் அந்தப் பள்ளியில் சேரவே யோசிப்பார். சேர்ந்தவர் மனசில்லாமல் வகுப்பில் நிற்பார், அதைப் பிள்ளைகள்தான் அனுபவிப்பார்கள். அசலைச் சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றிய ஆசிரியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர்களையும் சேர்த்து 2009இல் செய்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.20,000 என்றால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் ரூ.57,692 வரும். பணியில் சேரும் அன்றே இதை எழுதிக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டில் தடுமாறுபவருக்கு அது ஒரு பிடிமானம். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். திரும்பி வந்தால் அதே வகுப்பு நிலை கிடைக்கும் என்று எழுத்தில் சொன்னால் பலர் திரும்பி வருவார்கள்.

புதியவரின் முதல் பருவம்

யாரும் எடுக்க விரும்பாத வகுப்பைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள். அதே வகுப்பு நிலையில் பாடம் எடுக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரைத் துணையாகக் கொடுங்கள், இருவருக்கும் வாரத்தில் ஒரு பொது ஃப்ரீ பீரியட் விழும்படி டைம்டேபிளைப் போடுங்கள். தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்கப் போனால் பதினைந்து நிமிடம், கடைசி பெஞ்சில், கையில் நோட்டு இல்லாமல். அன்று மாலைக்குள் நன்றாக இருந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, இரண்டையும் தனியாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் திருத்தினால் அந்த வகுப்பு பிறகு அவர் கட்டுக்குள் வராது.

பெற்றோர் தொந்தரவு இரவில்தான் அதிகம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி அமையுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு எந்தப் புகாரானாலும் அலுவலக எண்ணுக்கே போகட்டும். கோபமாக வரும் பெற்றோரை ஆசிரியர் தனியாகச் சந்திக்கவே கூடாது, தலைமையாசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கவனிக்க

நேரம் கிடைத்த ஆசிரியர் கண்ணில் படுபவை இவை: திங்கள்தோறும் வராத பிள்ளை, குறிப்பிட்ட ஒரு பீரியடில் மட்டும் வயிற்றுவலி சொல்லும் பிள்ளை, பிரிக்காமலே திரும்பிப் போகும் டிபன் பாக்ஸ். வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை வருகைப் பதிவேட்டை இந்தக் கண்ணோடு பார்த்து ஐந்து பேரைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த ஐவரிடமும் நோட்டு எடுத்து வரச் சொல்லும் சாக்கில், நடந்துகொண்டே பேசட்டும். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்து "என்ன பிரச்சினை?" என்றால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்ற பதில்தான் வரும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். நிர்வாகம் தானே விசாரித்துப் பேசி முடிக்கும் வழக்கம் குழந்தையை இரண்டாம் முறை காயப்படுத்தும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டையும் டைரியின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். ஆசிரியர் கவுன்சிலர் அல்ல. கேட்டுக்கொண்டு உரிய இடத்தில் சேர்ப்பதுவரைதான் அவர் வேலை.

மூன்றாம் வகுப்பாசிரியரே நான்காம் வகுப்புக்கும் கூடவே போகும் ஏற்பாடு, செலவில்லாமல் நல்ல பலன் தரும். அந்த ஆசிரியரும் வகுப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் ஏப்ரலில் மாற்றிவிடுங்கள்.

போயே ஆக வேண்டும் என்றால்

குறைந்தது ஒரு வாரம் முன்பு, போகிற ஆசிரியரே வகுப்பில் சொல்லட்டும்: எப்போது போகிறார், ஏன் போகிறார், யாருடைய தப்பும் இல்லை. ரகசியமாக அனுப்பினால் பிள்ளைகள் தாங்களே காரணம் கற்பித்துக்கொள்வார்கள். புதியவரும் பழையவரும் மூன்று நாள் ஒன்றாக வகுப்பில் இருக்க ஒரு சிறு தொகை செலவழித்தாலும் தகும்.

கைமாற்றிக் கொடுக்க இரண்டு பக்கம் போதும். பாடம் எந்தப் பக்கம்வரை முடிந்தது, யாரை முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து, யாரை அழைத்துப் போக யார் வருவார்கள், யாருக்கு வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது. "சோம்பேறி", "திமிர்" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். புதியவர் முதல் வாரம் இருக்கை வரிசையை மாற்றாமல், பழைய மிஸ் போட்ட படியே விடட்டும்.